வெறுங்காலோடு பாலத்தைத் தாண்டியவளுக்கு

இவ்வளவு நேரம் செல்ல எழுதுவதற்குக் குறை நினைக்காதே. பிள்ளையைப் படுக்க வைத்து, இவரை இரவு வேலைக்கு அனுப்பி, பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு உட்கார இந்த நேரமாகிவிட்டது. பகலில் எழுதலாம் என்று சில நாளாக நினைத்தேன். முடியவில்லை. பிள்ளை இருமினால் பேனையை வைத்துவிட்டு எழும்பிப் போவேன். இருமாவிட்டால், ஏன் சத்தத்தைக் காணோம் என்று போய்ப் பார்ப்பேன். உனக்குத்தான் என்னைத் தெரியுமே.

குசினி ஹீற்றரின் மேல் காலுக்குப் போடும் கம்பளி மேஸ் இரண்டு சோடி காய்ந்துகொண்டிருக்கிறது. ஒரு சோடி என்னுடையது. மற்றது என் உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். ஈரக் கம்பளி சூட்டில் காயும்போது ஒரு மணம் எழும்புமே, மழையில் நனைந்த ஆட்டுக்குட்டியைத் தூக்கி வைத்திருப்பதுபோல, அந்த மணம்தான் என்னைப் பிடித்து இந்தக் கதிரையில் இருத்தியிருக்கிறது. நாம் இருவரும் இருந்த அகதி விடுதியில், அந்த ஹைம் அறையில், குளிர்காலம் முழுக்க இதே மணம். "ஆட்டுக் கொட்டிலுக்குள்ள குடியிருக்கிறம்" என்பாய்.

இன்று நான் பனியில் வெறுங்காலோடு ஓடினேன். நம்பமாட்டாய். அதைப் பிறகு சொல்கிறேன். அதற்கு முன், உன்னிடம் மறைக்கக்கூடாத ஒன்று இருக்கிறது.

போன கிழமை பான் நகரத்திலிருந்து உன் அண்ணை ரெலிபோன் எடுத்தார். தை பிறந்ததும் உனக்கு, செத்தவர்களுக்குச் செய்வதுபோல, அந்தியேட்டி செய்யப்போகிறாராம். நினைவுப் புத்தகமாகக் கல்வெட்டும் அடிக்கப்போகிறாராம். அட்டையில் உன் படம், உள்ளே தேவாரம், கடைசிப் பக்கத்தில் வந்தவர்களுக்கு நன்றி. நடுவில் இரண்டு பக்கம் தோழி எழுதவேண்டுமாம்.

"தங்கச்சி, நீங்கள் கம்பஸில படிச்சனீங்கள். அவளோட ஒரே அறையில இருந்தனீங்கள். உங்களை விட்டா எனக்கு ஆர் இருக்கினம்? வாற வெள்ளிக்கு முன்னம் எழுதித் தாங்கோ. அச்சகத்துக்காரன் அவசரப்படுத்திறான்."

"ஆர் அண்ணை அவளைக் கண்டது?" என்று கேட்டேன்.



"ஒருத்தரும் காணேல்லை, தங்கச்சி. அதுதானே."

இருபது மாதங்கள். நீ வவுனியாவிலிருந்து போட்ட கடிதத்துக்குப் பிறகு ஒரு வரி இல்லை. உன் அம்மாவும் மகளும் மன்னாரில் உறவுக்காரர் வீட்டில் பத்திரமாக இருக்கிறார்கள். நீ அவர்களிடம் போய்ச் சேரவில்லை. எங்கள் எல்லோருக்கும் தெரிந்தது இவ்வளவுதான். தெரியாத மிச்சத்தை அச்சடித்து முடித்துவிடப் பார்க்கிறார்கள்.

நான் அண்ணையிடம் ஓம் என்று சொல்லிவிட்டேன். வாய்ப் பழக்கம். மூத்தவர்கள் கேட்டால் ஓம். ரெலிபோனை வைத்துவிட்டு மேசையில் வந்து இருந்தேன். தாளை எடுத்து, "அன்பும் அடக்கமும் நிறைந்த" என்று தொடங்கினேன். உனக்கு அடக்கமா? எனக்கே சிரிப்பு வந்தது, வெட்டிவிட்டேன். அதற்குப் பிறகு எழுத வந்ததெல்லாம் ஒரே ஒரு நாள். வருடத்தின் கடைசி நாளான அந்தச் சில்வெஸ்ரர் நாள்.

தொண்ணூற்றொன்றாம் ஆண்டு கார்த்திகையில் என்னை அந்த ஹைமில் கொண்டுவந்து இறக்கினார்கள். எர்லாங்கன் நகரத்திலிருந்து பஸ்ஸில் முக்கால் மணித்தியாலம். பழைய தவறணை ஒன்றைத்தான் அகதிகளுக்கென்று ஒதுக்கியிருந்தார்கள். வாசலில் பியர்க் குவளை வரைந்த பலகை அப்படியே தொங்கியது. சூட்கேசோடு அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றேன். மாடி யன்னலால் நீ தலையை நீட்டினாய்.

"வாரும், வாரும். எங்கட தேப்பன்மார் ஒளிச்சு ஒளிச்சுப் போன இடத்தில நாங்கள் அரசாங்கச் செலவில குடியிருக்கிறம்."

உனக்கு என்னைவிட ஒரு வயது கூட. ஆனாலும் முதல் மாதம் முழுக்க "நீர்", "உமக்கு" என்று மரியாதையாகத்தான் பேசிக்கொண்டோம். நான் நிச்சயம் செய்தவரிடம் வந்தவள். அவர் எர்லாங்கனில் ஓர் உணவகத்துக் குசினியில் நின்றார். கலியாணப் பதிவு எழுதி முடியும்வரை நான் ஹைமில்தான் இருக்கவேண்டும். நீ இரண்டு வயது மகளை உன் அம்மாவிடம் விட்டுவிட்டு வந்தவள். பிள்ளையின் தகப்பனைப் பற்றி நீ பேசமாட்டாய், நானும் கேட்டதில்லை. "ஆறு மாசத்தில கூப்பிட்டிடுவன்" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு வந்திருந்தாய். அப்போதே ஒன்றரை வருடம் போயிருந்தது.

ஹைமிலிருந்து பத்து நிமிடம் நடந்தால் ஓர் ஆறு, ஆற்றின் மேல் பாலம். பாலத்துக்கு அந்தப் பக்கம் வேறு மாவட்டம். எங்கள் மாவட்டத்தை விட்டு வெளியே போகக்கூடாது என்று எங்கள் பாஸில் அடித்திருந்தது. போவதானால் முன்கூட்டியே கந்தோரில் அனுமதிக் கடிதம் எடுக்கவேண்டும். கீழறையில் இருந்த மன்னார் அண்ணை கத்தோலிக்கர். ஹைம் இருந்த ஊரில் இருந்தது வேறு சபைக் கோயில். அதனால் அவர் பாலத்தைத் தாண்டி ஞாயிறு பூசைக்குப் போனார். இரண்டாம் ஞாயிறே பொலிஸ்காரர் ஒருவர் பாலத்தடியில் மறித்துக் கடிதம் கேட்டார். இல்லை. அது அவருடைய பைலில் ஏறியது.

"ஆண்டவரிட்டப் போறதுக்கும் அனுமதி வேணுமாம், பிள்ளையள்" என்று குசினிக் கதிரையில் வந்து விழுந்தார்.

"அண்ணை, நீங்கள் நேர மேல போங்கோ. அங்கால மாவட்டம் வராது" என்றாய்.

மனிதர் சிரிக்கத் தொடங்கினார். கண்ணைத் துடைக்கும்வரை நிறுத்தவில்லை.

எனக்கு அதற்குப் பிறகு பாலத்தைப் பார்க்கவே பயம். கடைக்குப் போனாலும் ஆற்றுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நடப்பேன். நீ பின்னேரங்களில் பாலத்தின் நடுவரை போவாய். அங்கே கம்பியில் சாய்ந்துகொண்டு, காலை ஆட்டிக்கொண்டு நிற்பாய்.

மார்கழி நடுவில் பேக்கரிக் கண்ணாடியில் ஒரு நோட்டீஸ் ஒட்டியிருந்தது. வருடத்தின் கடைசி நாள் ஊரே சேர்ந்து ஓடுகிற சில்வெஸ்ரர் ஓட்டம், பத்துக் கிலோமீற்றர். கீழே பாதையின் படம். நீ கண்ணாடியில் விரலை வைத்துக் கோட்டின் மேலேயே போனாய். கோயில், மரம் அரியும் ஆலை, ஆறு. விரல் பாலத்தில் நின்றது.

"இஞ்ச பாரும். பாலத்தால போகுது."

"போகட்டும். எங்களுக்கென்ன?"

"அங்கால மூண்டு கிலோமீற்றர் ஓடிப்போட்டுத் திரும்பி வருது."

உன் முகத்தைப் பார்த்தேன். உன் கையைப் பிடித்துக் கண்ணாடியிலிருந்து இழுத்தேன்.

விளையாட்டு மண்டபத்தில் பெயர் எழுதிக்கொண்டிருந்த பெண், எந்தக் கழகம் என்று கேட்டாள். நீ யோசிக்கவே இல்லை. உன் ஊரின் பெயரைச் சொன்னாய். அவள் எழுத்துக்கூட்டச் சொன்னாள். நீ ஒவ்வோர் எழுத்தாகச் சொல்லக் காத்திருந்து எழுதிவிட்டு, அது எங்கே இருக்கிறது என்றாள். "கொஞ்சம் தூரம்" என்றாய் டொச் மொழியில். அவள் பாஸைக் கேட்கவில்லை. நான்தான் பையைத் திறந்து என் பாஸை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன், கேட்காத ஒன்றைக் காட்டுவதற்கு.

அன்று குசினியில் நாம் போட்ட சண்டை உனக்கு நினைவிருக்கும்.

"உம்மட அகதிக் கேஸ் இன்னும் முடியேல்லை. பிடிச்சாங்கள் எண்டால் பைலில ஏறும். நாளைக்குப் பிள்ளையைக் கூப்பிடுற நேரத்தில அதைத் தூக்கிக் காட்டுவாங்கள்."

"என்னெண்டு எழுதுவாங்கள்? ஓடினாள் எண்டோ? ஓடித்தானே வந்தனான். அது பைலின்ர முதல் பக்கத்திலேயே கிடக்கு."

"சரி, சப்பாத்துக்கு எங்க போறது?"

அதற்கு உன்னிடம் பதில் இருக்காது என்று நினைத்தேன். உதவிக்கு வந்த உடுப்புப் பெட்டிகளில் பனிச் சப்பாத்துகள்தான் இருந்தன, மாட்டு வண்டில் பாரத்தில். அதில் ஒன்றைப் போட்டுக்கொண்டு முற்றத்தில் இரண்டு சுற்று ஓடினாய். பிறகு கழற்றி மதிலோரம் எறிந்தாய்.

"உதோட ஓடுறது, கையுறை போட்டுக்கொண்டு சோறு குழைக்கிற மாதிரிக் கிடக்கு."

பள்ளிக்கூட இல்லப் போட்டிகளில் ஆயிரத்தைந்நூறு மீற்றரை வெறுங்காலோடு ஓடி வந்தவள் நீ. அங்கே எங்கள் எல்லோருக்கும் அப்படித்தான். சப்பாத்து பரிசு வாங்க மேடை ஏறும்போது போடுவது, ஓடும்போது கழற்றுவது. ஆனால் அது வெயிலில் காய்ந்த மண். இது ஐஸ்.

"கால் விறைச்சுப் போகும், விசரி!"

"விறைச்சால் நோகாது. நல்லதெல்லே?"

சில்வெஸ்ரர் அன்று வெயில் எறித்தது. அந்த வெயிலில் ஒரு துளி சூடு இல்லை. மூச்சு விட்டால் என் கழுத்துத் துண்டில் வெள்ளையாகப் படிந்தது. தெருப் பனியை வழித்து இரண்டு பக்கமும் குவித்துவிட்டு, நடுவில் வழுக்காமலிருக்கப் பொடிக்கல் தூவியிருந்தார்கள். உன் காலுக்கு என்றே தூவியதுபோல இருந்தது. நீ என்னுடைய நீலச் சுவெற்றரைப் போட்டிருந்தாய். பின்னலைச் சுற்றிக் குத்தியிருந்தாய். நெஞ்சில் நம்பரைச் சேலை ஊசிகளால் நான்தான் குத்திவிட்டேன். ஒன்று உன் தோலிலும் ஏறியது. "ஓடமுதல் கொல்லாதையும்" என்றாய்.

எல்லோரும் உன் காலைத்தான் பார்த்தார்கள். ஒரு பெண் தன் பையிலிருந்து மேஸ் எடுத்து நீட்டினாள். நீ தலையாட்டி மறுத்தாய். தொப்பி போட்ட ஒரு கிழவர் மட்டும் கைதட்டி, "நல்லது! உடம்புக்கு நல்லது!" என்று கத்தினார். பனியில் வெறுங்காலோடு நடப்பது இங்கே ஒரு பழைய வைத்தியம் என்று எங்களுக்கு அப்போது தெரியாது. "உந்தாளுக்கும் விசர்" என்றேன். துப்பாக்கி வெடித்தது. நீ போய்விட்டாய்.

நான் குறுக்கு வழியால் பாலத்துக்கு ஓடினேன். மன்னார் அண்ணை ஏற்கனவே அங்கே நின்றார், செபமாலையைச் சட்டைப் பைக்குள் உருட்டிக்கொண்டு. "பிள்ளை, அங்க நிக்கிறதைப் பார்" என்றார். பாலத்தின் நடுவில் பொலிஸ்காரர். அண்ணையை அன்று மறித்த அதே ஆள். அதே சிவந்த கன்னம், அதே செம்பட்டை மீசை. என் இரண்டு காலும் சப்பாத்துக்குள் இருந்தபடியே விறைத்தன.

முதலில் ஆண்கள் ஒரு கூட்டமாகப் போனார்கள். பிறகு ஒவ்வொருவராக. பிறகு தூரத்தில் நீலம். கை அசைவதைப் பார்த்தே நீ என்று தெரிந்தது. பாலத்துக்கு நீ வந்த நேரம் பார்த்து எதிர்ப்பக்கத்தால் ஒரு பெரிய லொறியும் வந்தது. பொலிஸ்காரர் கையை உயர்த்தினார். முடிந்தது என்று நினைத்தேன்.

அவர் கையை உயர்த்தியது லொறிக்கு. லொறி சறுக்கிக்கொண்டு நின்றது. மற்றக் கையால் உன்னை வா, வா என்று வீசினார்.

நீ அவரைக் கடந்தாய். எங்களைக் கண்டாய். பாலத்தின் நடுக்கோட்டில், அவருக்கு இரண்டு முழம் தள்ளி, தமிழில் பெரிய சத்தமாகக் கத்தினாய்: "பாரடி! எனக்கு வழி விடுறார்!"

அன்றோடு நமக்குள் "நீர்" போயிற்று.

மன்னார் அண்ணை செபமாலையை வெளியே எடுத்துவிட்டார். "எனக்கும் ஒரு நம்பர் குத்தியிருந்தால் பூசை கண்டிருப்பன்" என்றார். அந்தப் பக்கம் நீ மறைந்து திரும்பி வரும்வரை நாங்கள் இருவரும் பாலத்தின் இந்த முனையிலேயே நின்றோம். ஒரு அடி கூட வைக்கவில்லை. நம்பர் இல்லாதவர்கள். திரும்பி வந்தபோது உன் வாய் கோணியிருந்தது. தாண்டிப் போன பிறகு பார்த்தேன், வெள்ளையில் அடி அடியாகச் சிவப்பு. பொலிஸ்காரரும் பார்த்தார். என்னிடம் வந்து, அவளிடம் சப்பாத்து இல்லையா என்று மெதுவாகக் கேட்டார். என்னுடைய அரைகுறை டொச்சில் சொன்னேன்: "இருக்கு. வேண்டாமாம்."

எனக்கு அந்தத் துணிச்சல் எங்கிருந்து வந்ததென்று இன்றும் தெரியாது.

பெண்களில் பதினோராவதாக வந்தாய். ஒலிபெருக்கிக்காரர் உன் பெயரைக் கடித்துத் துப்பிவிட்டு, கழகத்தின் பெயரில் வந்து திக்கினார். உன் ஊரை மூன்றாக உடைத்து, நடுவில் ஒரு துண்டை விழுங்கி, கடைசித் துண்டைக் கேள்வி கேட்பதுபோல உயர்த்தினார். சனம் கைதட்டியது. அந்த ஊர் எங்கே என்று அவர்களில் ஒருவருக்கும் தெரியாது. நீ மார்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். "பேப்பரில வராத ஊர், மைக்கில வந்திட்டுது."

அதன் பிறகு நான் செய்ததைப் பற்றி நாம் ஒருநாளும் பேசவில்லை. உன்னை ஹைமுக்குத் தாங்கிக்கொண்டு வந்து, கொதிக்கிற தண்ணீரைப் பேசினில் ஊற்றி, உன் இரண்டு காலையும் பிடித்து அதற்குள் அமுக்கினேன். குளிர்ந்தால் சுடுதண்ணீர். எங்களுக்குத் தெரிந்த குளிர் மார்கழித் திருவெம்பாவைக் குளிர்தானே, அதற்கு அது சரி. விறைத்த காலில் உணர்வு இருக்காது, சூடு தெரியாது என்று நான் எங்கே கண்டேன்? நீ முதலில் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு வைத்த அலறலில் ஹைம் முழுக்கக் கூடியது. இடது காலில் கடைசி இரண்டு விரல்களின் நகமும் கழன்றன. திரும்ப முளைக்கவே இல்லை. ஓட்டம் உன்னை ஒன்றும் செய்யவில்லை. என் பயம்தான் செய்தது.

காணாமற்போனவர்களைத் தேடும் அலுவலகத்தின் படிவத்தைப் போன மாசியில் நிரப்பினேன். அடையாளக் குறிகள் என்ற இடத்தில் அந்த இரண்டு விரல்களையும் எழுதினேன். உன்னை நன்றாகத் தெரிந்த ஒருத்திதான் அதை எழுத முடியும் என்று அங்கிருந்த பெண் சொன்னாள். ஓம் என்றேன். எப்படித் தெரியும் என்று சொல்லவில்லை.

எனக்குக் கலியாணப் பதிவு முடிந்து எர்லாங்கனுக்கு வந்தேன், பிள்ளையும் பிறந்தாள். நீ அந்தத் தவறணையிலேயே இருந்தாய். உன் கேஸ் விழுந்தது, எழும்பியது, திரும்ப விழுந்தது. தொண்ணூற்றைந்து பங்குனியில் ஒரு பின்னேரம், கடிதம் எடுக்காமல்தான், பஸ் ஏறி எங்கள் வீட்டுக்கு வந்தாய். தேத்தண்ணியைக் கையில் வைத்துக்கொண்டு, காலநிலை சொல்வதுபோலச் சொன்னாய்.

"பிள்ளைக்கு ஏழு வயசாகப் போகுது. இவங்கள் கூப்பிட விடாங்கள். நான் போய்க் கூட்டிக்கொண்டு வாறன்."

"போனால் எப்பிடித் திரும்பி வருவாய்?"

"வந்த மாதிரித்தான்."

"போகாதை. இன்னொருக்கா அப்பீல் போடலாம். இவர் ஆரையோ தெரியும் எண்டு சொன்னவர்."

"இனி அவங்கள் என்னைப் பிளேனில ஏத்துவாங்கள். அதுக்கு முதல் நானே ஏறுறன். ஏத்தினால் சாமான். ஏறினால் ஆள்."

நான் விமான நிலையத்துக்கு வரவில்லை. பிள்ளைக்கு உடம்பு சுட்டது. தேர்மாமீற்றரில் முப்பத்தேழு புள்ளி எட்டு. முப்பத்தேழு எட்டுக்காக நான் உன்னைக் கட்டிப்பிடித்து அனுப்பவில்லை. இவர்தான் பிராங்க்போட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனார். திரும்பி வந்ததும் கேட்டேன், என்ன சொன்னாள் என்று.

"உமக்குச் சொல்லட்டாம். அது காய்ச்சல் இல்லையாம், மூண்டு சுவெற்றராம்."

போய்ப் பார்த்தேன். மூன்று சுவெற்றர்தான். இரண்டைக் கழற்றினேன். அரை மணித்தியாலத்தில் முப்பத்தேழுக்கு வந்துவிட்டது. அப்போது நீ மேகத்துக்கு மேலே.

இப்போது இன்று நடந்தது.

பிள்ளையின் கிண்டர்கார்டனில் போன கிழமை ஒரு துண்டுக் கடிதம் தந்துவிட்டார்கள். புதுப்பனி விழுகிற நாளில் பிள்ளைகளை ஒரு நிமிடம் வெறுங்காலோடு தோட்டத்தில் ஓட விடுவார்களாம், பெற்றோர் சம்மதித்துக் கையெழுத்து வைக்கவேண்டுமாம். நான் "இல்லை" என்ற கட்டத்தில் இரண்டு தரம் கோடு இழுத்தேன். பேனை தாளைக் கிழித்தது. இவர் எட்டிப் பார்த்துவிட்டு, "மூண்டாம் தரமும் கீறும், மேசையிலயும் பதியட்டும்" என்றார்.

இன்று பனி விழுந்தது. மத்தியானம் கூட்டிவரப் போனேன். வேலிக்கு வெளியிலேயே கூச்சல் கேட்டது. பதினைந்து இருபது பிள்ளைகள் காற்சட்டையை முழங்கால் மட்டும் சுருட்டிக்கொண்டு, பனியில் வீரிட்டுக்கொண்டு வட்டமாக ஓடின. உள்ளே யன்னலோரம் என் பிள்ளை. சப்பாத்து, இரண்டு தொப்பி, கழுத்துத் துண்டு. மூக்கு யன்னல் கண்ணாடியில் சப்பளிந்திருந்தது. அழவில்லை. அழுதிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். பாலத்தின் இந்த முனையில் நானும் மன்னார் அண்ணையும் நின்றோமே, அந்த நிற்பு. நாலு வயது முடியவில்லை, அதற்குள் என் பிள்ளைக்கு அந்த நிற்பைப் பழக்கிவிட்டேன்.

உள்ளே போனேன். கதிரையில் அவளை இருத்தி ஒரு சப்பாத்தைக் கழற்றினேன். ஆசிரியை ஓடிவந்து, நீங்கள் வேண்டாம் என்று கையெழுத்து வைத்தீர்களே என்றாள். "அது போன கிழமை" என்றேன். மற்றச் சப்பாத்தையும் கழற்றினேன். மேஸைக் கழற்றினேன். பிள்ளை என் முகத்தையே பார்த்தாள்.

"அம்மா, நீங்களுமோ?"

என்ன செய்வது, சொல். நானும் கழற்றினேன்.

முதல் அடி நெருப்பை மிதித்ததுபோல இருந்தது. இரண்டாம் அடிக்கு நான் கத்தினேன். அவள் என்னைவிடப் பெரிதாகக் கத்தினாள். கையைப் பிடித்துக்கொண்டு மாமர உயரத்துக்கு நின்ற அந்த ஊசியிலை மரத்தைச் சுற்றி ஓடினோம். ஒரு சுற்று என்றுதான் நினைத்தேன். அவள் விடவில்லை. ஆசிரியை நேரம் முடிந்தது என்று கைதட்டினாள். நாங்கள் இன்னும் ஒரு சுற்று ஓடினோம். பத்துக் கிலோமீற்றர் நீ எப்படியடி ஓடினாய்? பிறகு துணியால் துடைத்தேன், கையால் தேய்த்தேன், சுடுதண்ணீர்ப் பக்கம் போகவில்லை. ஈரம் சரியாகப் போகமுன் அவசரத்தில் மேஸைப் போட்டதுதான் பிழை. இப்போது நான்கு தரம் போய் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டேன். சூடில்லை. பயம் அப்படியேதான் இருக்கிறது. அதையும் சேர்த்துத்தான் ஓடினேன்.

வீட்டுக்கு வந்து, கோட்டைக்கூடக் கழற்றாமல் அண்ணைக்கு ரெலிபோன் எடுத்தேன்.

"அண்ணை, நான் எழுதித் தரமாட்டன்."

"ஏன் தங்கச்சி? நேரமில்லையோ? ஒரு பக்கமெண்டாலும்..."

"ஒரு வரியும் தரமாட்டன். அவளின்ர படத்தை அட்டையில போட விடவும் மாட்டன். அந்தப் படம் நான் எடுத்தது."

அவருக்குக் கோபம் வந்தது. வரத்தானே வேண்டும். "எனக்கென்ன கல்லு மனமே? அம்மா எழுதுறா. பிண்டம் வைக்காமல் விட்டால் பிள்ளை பசியோட திரிவாள் எண்டு அழுது எழுதுறா. நீங்கள் கூடப் பிறக்கேல்லை. நான் கூடப் பிறந்தனான்" என்றார்.

நான் ரெலிபோனை வைக்கவில்லை. முன்பென்றால் வைத்திருப்பேன்.

"அம்மா கேக்கிறா, சரி அண்ணை. அவளின்ர மகள் என்ன கேக்கிறாள்?"

தாள் சரசரக்கும் சத்தம் கேட்டது. உன் அம்மாவின் கடிதத்துக்குக் கீழே உன் மகள் பென்சிலால் எழுதியிருக்கிறாளாம். அண்ணை அதை வாசிக்கத் தொடங்கி, நிறுத்தி, திரும்பத் தொடங்கினார்.

"மாமா, நான் இப்ப நல்லா வளந்திட்டன். முன்பல்லும் மாறிட்டுது. அம்மா வந்தால் என்னை ஆரெண்டு மட்டுக்கட்டுவாவோ? ஒரு படம் எடுத்து அனுப்பவோ?"

அண்ணை அழுதார். நான் அழவில்லை. நான் சொன்னேன்: "அண்ணை, கல்வெட்டு அடிச்சால் மன்னாருக்கும் ஒண்டு அனுப்பவேணும். அதை அந்தப் பிள்ளையின்ர கையில ஆர் குடுக்கிறது? நீங்களோ?"

மூக்கைச் சிந்திவிட்டு, "மாசி முடியுமட்டும் பொறுக்கிறன்" என்றார். "அதுக்கு மேல என்னைக் கேளாதேங்கோ, தங்கச்சி. எனக்கும் ஏலாது."

மாசி முடியுமட்டும். அவ்வளவுதான் வாங்க முடிந்தது.

அதனால் இதை மூன்றாகப் பிரதி எடுத்து அனுப்புகிறேன். ஒன்று, வவுனியாவில் நீ கடைசியாகத் தங்கிய வீட்டுக்கு. ஒன்று, கொழும்பில் நீ இறங்கிய லொட்ஜுக்கு. மூன்றாவது மன்னாருக்கு, நீ போய்ச் சேருகிற அன்று உன் கையில் கொடுக்கச் சொல்லி. எல்லாவற்றிலும் என் முகவரி இருக்கிறது. நாங்கள் வீடு மாறவில்லை. இவருக்கு வேறு நகரத்தில் நல்ல வேலை கிடைத்தது, வேண்டாம் என்று சொன்னேன். நீ வந்து கதவைத் தட்டும்போது வேறு யாரும் திறக்கக்கூடாது.

உன் மகள் கேட்டதற்கு நான் பதில் எழுதலாம். மட்டுக்கட்டுவாள் என்று ஒரு வரி எழுத எனக்குத் தெரியாதா? எழுதமாட்டேன். அது உன்னுடைய கடிதம். அவளுக்கு ஒன்று எழுது. எனக்கு ஒன்று எழுது, ஒரு வரி போதும். மாசி முடிய முன் வரவேண்டும். தயவுசெய்து கெதியாகப் பதில் போடு.